உள்மூலையில் ஒரு ஓகே

கோபுவின் வாயில் ஓகே என்ற சொல் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. காலையில் மனைவி காமு, "காபி கலக்கட்டுமா?" என்றால் ஓகே. "பால் திரிஞ்சு போச்சு, கடுங்காபிதான்" என்றால் அதற்கும் ஓகே. மின்வாரியத்திலிருந்து நாளைக்கு மின்தடை என்று குறுஞ்செய்தி வந்தால், யாரும் எதுவும் கேட்காதபோதே போனைப் பார்த்து ஒரு ஓகே. ஒரு தடவை காமுவின் பெரியப்பா தவறிப்போன செய்தியைக் கேட்டதும், "ஓகே, எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகாவது திருந்தினாரா என்றால் அதுதான் இல்லை.

நல்ல மனிதர்தான். மேற்கு தாம்பரத்தில் முடிச்சூர் சாலைக்குப் பின்னால் சொந்த வீடு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். அதே தொழிற்பேட்டையில் யாரிடமோ ஃபிட்டராகச் சேர்ந்து, எண்ணெய்க் கையோடு சாப்பிட்டு வளர்ந்து, பிறகு தன் பெயரில் ஷெட் போட்டவர். பஸ் சீட்டைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற இரும்புக் கால்கள்தான் அவர் சரக்கு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பஸ் சீட்டு செய்கிற ஒரு பெரிய கம்பெனி அவற்றை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தால் கோபு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு, "ஓகே சார், ஓகே சார், பண்ணிடலாம் சார்" என்பார். என்ன கேட்டார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் அவருக்கே மெல்ல உறைக்கும்.

"அப்பா, நீங்க மூச்சுக்கு மூச்சு சொல்றீங்களே ஓகே, அது ஒரு ஜோக்குன்னு தெரியுமா?" என்று மகள் சின்மயி ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டின் முன்னால் கேட்டாள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். சாப்பிடும் நேரத்தில் யாரையாவது சீண்டாவிட்டால் அவளுக்கு இட்லி இறங்காது.

"ஜோக்கா? அதுல என்ன ஜோக்கு?"

"நூத்தி எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா. அமெரிக்காவுல பாஸ்டன்னு ஊர். அங்க பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு கிறுக்கு. வார்த்தைகளை வேணும்னே தப்பா எழுதி, அந்தத் தப்போட முதல் எழுத்துகளை மட்டும் போட்டு ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கறது. 'ஆல் கரெக்ட்'ங்கறதை ஏ-க்குப் பதிலா ஓ, சி-க்குப் பதிலா கேன்னு அப்படிக் கோணலா எழுதி, அதுலேர்ந்து ஓ, கே. அவ்வளவுதான். எல்லாம் சரின்னு சொல்ற வார்த்தையே தப்பாப் பொறந்தது."

கோபு சட்னியில் தோய்த்த இட்லியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?"

"அந்த மாதிரி நிறைய விட்டாங்க, எல்லாம் செத்துப் போச்சு. இது மட்டும் பொழைச்சுக்கிச்சு. அடுத்த வருஷம் ஒரு எலெக்‌ஷன். ஒரு வேட்பாளரோட பட்டப்பேருக்கும் அதே ரெண்டு எழுத்து வந்துது. கட்சிக்காரங்க கோஷமாவே போட்டுட்டாங்க. அப்புறம் தந்தி ஆபீஸ். வந்த செய்தி சரியா வந்து சேர்ந்துதுன்னா, இந்த முனையில இருக்கறவன் ஓகேன்னு ரெண்டு எழுத்தைத் தட்டி அனுப்புவானாம். ரயில்வேக்காரங்களும் அப்படித்தான். கடைசியில உங்க வாய்க்கு வந்து சேர்ந்துது. செவ்விந்தியர் பாஷையிலேர்ந்து வந்துது, கிரேக்கத்துலேர்ந்து வந்துதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. ஆனா ஆராய்ச்சி பண்ணினவங்க பெரும்பாலும் ஒத்துக்கறது இந்த ஜோக்கைத்தான்."

"ஓகே" என்றார் கோபு. அம்மாவும் பெண்ணும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

கோபு கூடச் சேர்ந்து சிரித்தாரே தவிர, மனசுக்குள் அது நெருடிக்கொண்டே இருந்தது. காரணம் உண்டு. வீட்டில், தெருவில், போனில் அவர் வாரி இறைத்த ஓகேக்கு மதிப்பில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் ஷெட்டில் ஓர் ஓகே இருந்தது. மஞ்சள் பெயிண்ட் மார்க்கரில் இரும்பின் மேல் எழுதப்படுகிற ஓகே. அவர் பிழைப்பே அதன் மேல்தான் நின்றது. அதை எழுதுகிறவள் சரளா.

சரளாவுக்கு மெக்கானிக்கல் டிப்ளமா. மேடவாக்கத்திலிருந்து தண்ணி லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நெளித்து ஓட்டிக்கொண்டு வருவாள். ஷெட்டில் தரம் பார்ப்பது முழுக்க அவள் பொறுப்பு. அடக்கமானவள் என்றெல்லாம் சொல்ல முடியாது. சம்பளத்தைத் தானே பேசி வாங்குவாள். கோபு சொல்வது தப்பு என்றால் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். வெல்டர் மோகன்ராஜ் யாருக்கும் பயப்படாத ஆள். அவன்கூட அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முதல் நாள் வேலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வான்.

அவளிடம் ஒரு விசித்திரம். பேச்சில் அவள் ஓகே சொல்லி யாரும் கேட்டதில்லை. "டீ ஓகேவாம்மா?" என்றால், "நல்லா இருக்கு சார்" என்பாள். "ஆறு மணிக்கு மீட்டிங், ஓகேவா?" என்றால், "வரேன் சார்." அந்தச் சொல்லை அவள் இரும்புக்கென்றே எடுத்து வைத்திருந்தாள். அதையும் பார்க்காமல் கொடுக்க மாட்டாள்.

சீட்டுக் கால் என்பது வளைத்த தகடும் அடித்தகடும் சேருகிற இடத்தில் உள்பக்கமாக வெல்டிங் வைத்த சாமான். அந்த உள்மூலை கிணறு மாதிரி இருட்டாக இருக்கும். சரளா ஒவ்வொரு காலையும் தலைகீழாகத் திருப்பி, டார்ச் அடித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு வெல்டிங்கின் முதுகைத் தடவி, தட்டிக் கேட்டு, எல்லாம் திருப்தி என்றால் அந்த இருட்டு மூலையிலேயே மஞ்சளில் குட்டியாக ஓ, கே என்று எழுதி இறக்கி வைப்பாள். கே எழுத்தின் கால் மட்டும் சற்று நீளமாக இழுபட்டிருக்கும்.

"ஏம்மா, அதை முன்னாடி பெரிசா எழுதினா பார்க்கறவங்களுக்குப் பளிச்சுன்னு தெரியுமில்ல? ஏன் பொந்துக்குள்ள போய் எழுதற?" என்று கோபு ஒரு தடவை கேட்டார்.

"கை அங்கதான சார் இருக்கு" என்றாள் அவள். சரி, கையை வெளியே எடுக்கச் சோம்பல் போலிருக்கிறது என்று கோபு நினைத்துக்கொண்டார். அவள் விஷயத்தில் சோம்பல் என்ற சொல் எப்படித் தோன்றியதோ, அது அவருக்கே வெளிச்சம்.

அந்த மஞ்சள் எழுத்து இருந்தால் சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் சரக்கை மறுபடி சோதிப்பதில்லை. ஸ்டோர்ஸில் இறங்கியதும் நேராக சீட்டு பொருத்துகிற இடத்துக்குப் போய்விடும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஷெட்டுகள் அந்த மரியாதைக்கு ஏங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே திங்கட்கிழமை காலை முதல் வேலையாக கோபு மகள் சொன்ன கதையைச் சரளாவிடம் சொன்னார். கோணல் எழுத்து, தேர்தல், தந்தி எல்லாவற்றையும் கொஞ்சம் தன் சரக்கும் சேர்த்து ஒப்பித்துவிட்டு, "ஜோக்குக்குப் பொறந்த வார்த்தையை வச்சுத்தான் நாம பொழைக்கறோம் பாரு" என்றார்.

சரளா டார்ச்சைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். "தந்தி அடிச்சவன் நல்ல ஆளா இருந்திருப்பான் சார்" என்று மட்டும் சொன்னாள். "செய்தி முழுசா வந்தப்புறம்தான தட்டியிருப்பான்?"

அந்த வெள்ளிக்கிழமை சரளாவின் வீட்டில் கிரகப்பிரவேசம். மேடவாக்கத்தில் வாடகைக்கு இருந்த தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி, புது அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட். கோபு காமுவோடு காலையிலேயே போய், சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, பொங்கலும் வடையும் சாப்பிட்டார். பச்சைப் பட்டுப்புடவையில், ஹோமப் புகையில் சிவந்த கண்ணோடு, சரளா லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

"சார், நேத்து சாயங்காலம் வெல்டிங் முடிஞ்ச லாட் ஷெட்ல இருக்கு. நான் இன்னும் பார்க்கல. நாளைக்கு வந்து பார்த்துடறேன். அதுவரைக்கும் அனுப்பிடாதீங்க."

"ஓகே ஓகே" என்றார் கோபு.

லிஃப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் போன் வந்தது. கம்பெனியிலிருந்து. ஏதோ பெரிய ஆர்டர், தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள், இரண்டாவது ஷிஃப்டுக்கு சீட்டுக் கால் வேண்டும், மதியத்துக்குள் வந்து சேருமா என்று கேட்டார்கள். சீட்டு பொருத்துகிற லைன் நின்றால் யாரால் நின்றது என்று மேலதிகாரிகளுக்கு எழுதுவார்கள் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்கள்.

"ஓகே சார், ஓகே சார், அனுப்பிடலாம் சார்."

மாடியில் ஒருத்தருக்கு ஓர் ஓகே, கீழே வேறொருவருக்கு நேர்மாறாக ஓர் ஓகே. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் கோபுவுக்கு உறைத்தது. சரளாவைக் கூப்பிடலாமா? ஹோமம் முடிந்து பந்தி நடக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண்ணை எப்படிக் கூப்பிடுவது? மோகன்ராஜ் வெல்டிங் நல்லாத்தான் இருக்கும், தானும் ஃபிட்டராக இருந்தவன்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, காமுவை வீட்டில் இறக்கிவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

லாட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து வெளிப்பக்கம் பார்த்தார். கண்ணுக்கு நன்றாகவே இருந்தன. எல்லாவற்றையும் திருப்பி டார்ச் அடித்துப் பார்க்கப் பொழுது சாய்ந்துவிடும். சரளாவின் மேஜை இழுப்பறையைத் திறந்து மஞ்சள் மார்க்கரை எடுத்தார். சரளா எழுதிய பழைய சீட்டுக் கால் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கே எழுத்தின் நீளக் கால் வரைக்கும் அச்சு அசலாகப் பழகிக்கொண்டார். அந்தப் பொந்துக்குள் எழுத அவருடைய தடித்த கை நுழையவில்லை. முன்பக்கத்துத் தட்டையான இடத்தில், பளிச்சென்று, மளமளவென்று எழுதித் தள்ளினார். எழுத எழுத அவருக்கு ஒரு குஷிகூட வந்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சரளா இதைத்தான் பெரிய வித்தை மாதிரி செய்துகொண்டிருந்தாளா என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. மனிதப் புத்தி!

அன்றைக்கு டிரைவர் வரவில்லை. மோகன்ராஜே குட்டியானை வண்டியில் பெட்டிகளை ஏற்றினான். "இன்னா சார், அக்கா இல்லாமயே லோடு போவுது?"

"எல்லாம் ஓகேப்பா, நீ வண்டியை எடு."

வண்டி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்து கோபு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது சரளாவிடமிருந்து போன். பின்னணியில் பாத்திரச் சத்தமும் குழந்தைகள் கத்துவதும் கேட்டன.

"சார், லோடு அனுப்பினீங்களா?"

கோபு வாயில் இருந்ததை விழுங்கினார். "அவசரம்மா..."

"ஸ்டோர்ஸ்லேர்ந்து அரிகிருஷ்ணன் சார் போட்டோ அனுப்பினாரு. இது நீங்க பார்த்த லாட்டான்னு கேட்டாரு. எழுத்து என்னோடது மாதிரியே இருக்கு. நான் பார்க்கலைன்னு சொல்லிட்டேன். லோடை நிறுத்தி வச்சிருக்காரு."

"பார்த்தேன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நாளைக்கு நான்..."

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்தப்பட்டு, பாத்திரச் சத்தம் அடங்கியது.

"பார்க்கலையே சார்" என்றாள் சரளா. "நான் அங்க போறேன். நீங்களும் வந்துடுங்க."

வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் இறங்கி, ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போகும்போது கோபுவுக்கு ஆர்டர் போய்விடுமே என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதன் மேலேறி உட்கார்ந்துகொண்டது. சரளா போய்விடுவாள். அந்தக் கம்பெனியே அவளை ஒரு தடவை வேலைக்குக் கூப்பிட்டது அவருக்குத் தெரியும். "இங்கேயே இருக்கேன் சார், இங்க என் ஓகேல யாரும் கை வைக்கறதில்ல" என்று அவள் அப்போது சொன்னாள். இன்றைக்குக் கை வைத்தது யார்? கோபுவுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டோர்ஸ் வாசலில் பெட்டிகள் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. மோகன்ராஜ் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அரிகிருஷ்ணன் ஒல்லியான, நிதானமான மனிதர். கத்தவில்லை. அதுவே கோபுவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கோபு கடைசியில் கேட்டேவிட்டார். "எழுத்துல ஏதாவது..."

"எழுத்துல ஒரு குறையும் இல்ல கோபு சார். நல்லாப் பழகியிருக்கீங்க." அரிகிருஷ்ணன் பெட்டியைக் காட்டினார். "சரளா மேடம் பார்த்த லோடு வந்தா, பெட்டியைத் திறந்ததும் ஒரு பொட்டு மஞ்சள் கண்ணுல படாது. கையை உள்ள விட்டு டார்ச் அடிச்சாத்தான் எழுத்து தெரியும். இன்னிக்குத் திறந்தேன், பெட்டி பூரா மஞ்சளாக் கெடந்துது. இது மேடம் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு."

"உள்ள எழுதினா என்ன, வெளிய எழுதினா என்ன சார்..."

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? அந்த மூலையில எழுதணும்னா அந்த மூலையைப் பார்த்தாகணும். திருப்பாம, டார்ச் அடிக்காம, கையை உள்ள விடாம அங்க எழுதவே முடியாது. எழுத்து எங்க இருக்கோ அதுதான் சார் சாட்சி. எங்க ஆளுங்களுக்கு நான் இதைத்தான் காட்டறது, ஓகேன்னா அது இருக்க வேண்டிய இடம் இதுன்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கோபு பக்கத்தில் கிடந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். கை அங்கதான சார் இருக்கு. அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. கை இருந்த இடத்தில் கண் இருந்தது, கண் இருந்த இடத்தில் மனசு இருந்தது, மூன்றும் சேர்ந்து நின்ற இடத்தில்தான் அவள் அந்தச் சொல்லை எழுதினாள். இத்தனை வருஷமாகத் தன் கண் முன்னாலேயே நடந்தது. இவர் பார்த்ததெல்லாம் எழுத்தை மட்டும்தான். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்கு அப்போது வந்தது பிரமிப்பு. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காதபோது, சலிக்காமல் இப்படி ஒருத்தியால் இருக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அதுவும் தன்னுடைய ஷெட்டிலேயே.

ஆட்டோவிலிருந்து சரளா இறங்கினாள். அதே பச்சைப் பட்டு. தலையில் மல்லிகை வாடவில்லை. கேட்டில் கொடுத்த, அளவு பொருந்தாத பாதுகாப்பு ஷூவை மாட்டிக்கொண்டு, பட்டுக்கு மேல் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் தன் டார்ச்சோடு வந்தாள். கோபுவைப் பார்த்தாள். நேராக அரிகிருஷ்ணனிடம் போய், "மன்னிச்சுக்குங்க சார். ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள முதல் பெட்டியைக் கொடுத்துடறேன், மீதியைப் பின்னாடியே தரேன்" என்றாள். அவர் தலையசைத்தார்.

"பெயிண்ட் தின்னர் இருக்கா சார்? கொஞ்சம் பழந்துணியும்."

இரண்டும் வந்தன. சரளா அவற்றைக் கோபுவிடம் நீட்டி, அவர் சட்டைப்பையிலிருந்த தன் மார்க்கரை வாங்கிக்கொண்டாள்.

"அழிங்க சார்."

"எல்லாத்தையுமா?"

"நான் பார்க்காததெல்லாத்தையும்."

ஆக, சொந்தமாக ஷெட் வைத்திருக்கிற முதலாளி, கம்பெனி வாசலில் பலகையில் குந்திக்கொண்டு, தின்னர் நெடியில் மூக்கு எரிய, தான் எழுதிய ஓகேக்களைத் தானே ஒவ்வொன்றாகத் துடைத்தார். எழுதும்போது மளமளவென்று ஓடியது. அழிக்கும்போது ஒவ்வொன்றும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் துடைத்துக் கொடுக்க, மோகன்ராஜ் எடுத்து வைக்க, சரளா திருப்பி, டார்ச் அடித்து, வளையல் குலுங்கக் கையை உள்ளே விட்டு, தடவி, தட்டி, எழுதி இறக்கினாள். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். பட்டுப்புடவையில் ஒருத்தி இரும்பைக் கொஞ்சுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் நின்று பார்க்க மாட்டார்கள்.

முதல் பெட்டி நேரத்துக்கு உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது பெட்டியில் ஒரு காலைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

"கையை விடுங்க சார்."

கோபு சுண்டுவிரலை மட்டும் எப்படியோ உள்ளே நுழைத்தார். வெல்டிங் ஒரு தகட்டின் மேல் மட்டும் ஏறி உட்கார்ந்திருந்தது. மறுதகட்டுக்கும் அதற்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் கொழுகொழுவென்று அழகாகத் தெரிந்த வெல்டிங், உள்ளே எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதே மாதிரி இன்னும் சில அந்தப் பெட்டியிலேயே இருந்தன.

மோகன்ராஜ் தலையைச் சொறிந்தான். "அது நாந்தான்க்கா. வெல்டிங் ஒயர் சிக்கிகினு ரொம்ப பேஜாராப் பூட்ச்சு. மறுக்கா போட்லாம்னு தனியா வச்சிகினு இருந்தேன். டீக்குப் போயாறதுக்குள்ள யாரோ எல்லாத்தியும் ஒண்ணா அடுக்கிட்டாங்க. எப்டியும் நீ பார்ப்பியேன்னு வுட்டுட்டேன்க்கா."

எப்படியும் நீ பார்ப்பாய் என்று எல்லாரும் விட்டிருந்தார்கள். மோகன்ராஜ் விட்டான், கம்பெனி விட்டது, நாளைக்கு அந்த சீட்டில் உட்காரப்போகிற, பெயர் தெரியாத யாரோ ஒருவரும் விட்டிருப்பார். கோபு தான் துடைக்கக் கையில் வைத்திருந்த காலைப் பார்த்தார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால், அதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். அதன் நெற்றியில் அவர் எழுதிய ஓகே, அன்றைக்கு எழுதியதிலேயே அழகானது. அதைத் தடம் தெரியாமல் துடைத்தார். பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் செய்தது ஒன்றுமில்லை, உண்மையான ஜோக் இதுதான் என்று நினைத்தார். சிரிப்புத்தான் வரவில்லை.

வெயில் இறங்கி, ஷிஃப்ட் மாறிய கூட்டமும் போன பிறகு ஒரே ஒரு கால் மிச்சமிருந்தது. சரளா இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, டார்ச்சையும் மார்க்கரையும் கோபுவிடம் நீட்டினாள்.

"இதை நீங்க பாருங்க சார். பார்த்துட்டு நீங்களே எழுதுங்க."

கோபு வாங்கித் திருப்பினார். டார்ச் அடித்தார். உள்மூலையில் வெல்டிங் வளைந்து ஓடியது. நன்றாகத்தான் இருந்தது. இல்லை, ஓரத்தில் ஒரு நிழல். நிழல்தானா? டார்ச்சைச் சாய்த்தார். நிழல் நகர்ந்த மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது. விரலை விட்டுத் தடவினார். மார்க்கர் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். வாழ்நாள் முழுக்க வாய்க்கு வாய் சொன்ன சொல், எழவுச் செய்திக்கும் சொன்ன சொல், அந்த நேரத்தில் கைக்கு வரமாட்டேன் என்றது.

"எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லி, அதைத் தேறாத கால்களோடு ஒதுக்கி வைத்தார்.

சரளா அதை எடுத்தாள். திருப்பினாள், டார்ச் அடித்தாள், கையை விட்டாள். "நல்ல பீஸ் சார் இது" என்று உள்மூலையில் எழுதி பெட்டியில் வைத்தாள். அங்கே வந்ததிலிருந்து இறுகியிருந்த அவள் முகத்தில் முதன்முதலாக ஒரு தளர்ச்சி தெரிந்தது. "ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு வைக்கறதுதான் சார் முக்காவாசி வேலை."

கோபுவின் போன் அடித்தது. கம்பெனியின் மாடியிலிருந்து, காலையில் பேசிய அதே ஆள். பிரச்னை தீர்ந்ததில் சந்தோஷம், நாளைக்கு இன்னும் ஒரு லோடு சேர்த்து வருமா, ஓகேவா என்று கேட்டார். பழக்கத்தில் கோபு எழுந்து நின்றார். பழக்கத்தில் வாய் திறந்தது. சரளா நீலக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றார் கோபு.

மோகன்ராஜ் வண்டியைக் கிளப்பப்போனவன் திரும்பிப் பார்த்தான்.

போனைப் பைக்குள் போட்ட பிறகும் கோபு நின்றுகொண்டே இருந்தார். தப்பு என்னுது, இனிமே உன் மார்க்கரைத் தொட மாட்டேன், கிரகப்பிரவேசத்தன்னிக்கு உன்னை இப்படி அலைய விட்டுட்டேன் என்று என்னென்னவோ சொல்ல நினைத்தார். நினைத்ததில் பாதியைத் திக்கித் திணறிச் சொல்லியும் விட்டார். கடைசியில், "நாளைக்கு வேலைக்கு வருவியாம்மா?" என்று கேட்டார்.

சரளா மார்க்கரின் மூடியை அழுத்தி மூடி, டார்ச்சோடு சேர்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மல்லிகையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அவரை, மதியத்திலிருந்து பார்த்த சீட்டுக் கால்களை எல்லாம் எப்படிப் பார்த்தாளோ அதே கண்ணால், நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"நாளைக்கு வரேன் சார்" என்றாள். "அதுக்கு மேல, பார்த்துட்டுத்தான் சொல்லணும்."